பழைய கூட்டாளிகளோட சேகரிப்புக் கண்காட்சி: யார் எதைப் பாக்கணும், வாங்கினதை எப்படிப் பிரிக்கணும்?

நாலுபேர்கூட்டம்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்ச நாலு பேர் சேர்ந்து, ரெண்டு நாள் நடக்கிற பழம்பொருள் கண்காட்சிக்குப் போறோம். ஒருத்தருக்கு இசைத்தட்டு, ஒருத்தருக்கு காமிக்ஸும் பழைய விளம்பரத் தாளும், எனக்கு ஃபிலிம் கேமராவும் வீடியோ கேம் கார்ட்ரிட்ஜும். நாலாமவர் எதையும் சேக்கிறவர் இல்ல, எங்களோட இருக்கணும்னு வர்றார்.

மேசை மேசையா நாலு பேரும் ஒண்ணாப் போறதா, பிரிஞ்சு போறதா? ஒரே பொருள் மேல ரெண்டு பேர் ஆசைப்பட்டா என்ன வழி? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே நின்னு என்னென்ன சோதிக்க முடியும்? இந்த மாதிரி இடங்கள்ல வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முடியாதுங்கிறதால விவரமா கேக்கறேன்.

மேசைக்குப்பின்னால்

விற்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாலு பேர் ஒரே மேசை முன்னால் நிற்காதீர்கள். மேசையின் அகலம் பெரும்பாலும் ஆறடி. நாலு பேர் நின்றால் வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது, விற்பவருக்கு வியாபாரம் நின்றுவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் உங்களுக்குத்தான். "டேய், இது நம்ம வீட்ல இருந்துச்சுடா" என்று ஒருவர் சத்தமாகச் சொன்ன அடுத்த நொடியே பேரம் பேசும் வாய்ப்பு போய்விட்டது. பழைய நண்பர்கள் கூடினால் இந்த வசனம் கட்டாயம் வரும், வராமல் இருக்காது. அதை மேசையை விட்டுத் தள்ளிப் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டு இரண்டு பேராகப் பிரிவதுதான் சரி. ஒருவருக்குப் பொருள் தெரிந்திருக்கும், மற்றவருக்கு ஆசை இருக்காது. ஆசையில்லாத கண்ணுக்குத்தான் விரிசல் தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுங்கள். கூடும் இடம் "வாசல்" என்று வைத்தால் அங்கே எப்போதும் நெரிசல். எண் போட்ட ஒரு மூலை மேசை, இல்லை ஒரு தூண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அரங்குக்குள் கூட்டம் சேர்ந்ததும் போன் சிக்னல் படுத்துவிடும், "வந்ததும் கூப்பிடறேன்" என்பதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, எழுதாத சட்டம். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதல் உரிமை. கீழே வைத்துவிட்டால் உரிமை போச்சு. யோசிக்க வேண்டுமானால் கையில் வைத்துக்கொண்டே யோசியுங்கள். அதற்காக அரை மணி நேரம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றுவதும் முறையல்ல.

ஊசிமுனை

இசைத்தட்டுக்காரருக்கு மட்டும் சொல்றேன். உறையை மட்டும் பாத்து வாங்கவே கூடாது. தட்டை வெளிய எடுங்க, எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. உறை ஒண்ணு, உள்ள இருக்கிற தட்டு வேறங்கிறது தினசரி நடக்கிற கூத்து. லேபிள்ல இருக்கிற எண்ணும் உறை முதுகுல இருக்கிற எண்ணும் ஒத்துப்போகுதான்னு முதல்ல பாருங்க. அப்புறம் லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவுல வெறுமையா ஒரு வளையம் இருக்கும், அதுல அழுத்தியோ கையால கீறியோ எழுதின எண்ணைப் பாருங்க. எந்த அச்சுங்கிறதை அதுதான் சொல்லும், உறை சொல்லாது.

தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பு வழியாப் பாத்தா வளைஞ்சிருக்கிறது தெரியும். அப்புறம் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிங்க. நேரா அடிச்சா எல்லாத் தட்டும் அழகா இருக்கும். ஊசி ஓடுற பள்ளத்தோட சேர்ந்து வட்டமாப் போற மெல்லிய கோடுங்க பெரும்பாலும் சத்தம் போடாது. பள்ளங்களைக் குறுக்கே வெட்டிப் போற கீறல்தான் ஒவ்வொரு சுத்துலயும் டிக் டிக்குனு அடிக்கும். நடு ஓட்டையைச் சுத்தி லேபிள் மேல நெறைய மெல்லிசுக் கீறல் இருந்தா, தட்டை இருட்டுல தடவித் தடவி நிறைய தடவை மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். பளபளப்பை மட்டும் நம்பறவங்க இதைக் கவனிக்கிறதே இல்ல.

தரம் சொல்ற வார்த்தையிலயும் ஏமாந்துடாதீங்க. சேகரிப்பாளர் வழக்குல "குட்"னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. முழுசும் ஓடும், ஆனா இரைச்சலோட ஓடும். கேக்கறதுக்கு வாங்கறவர் "வெரி குட் பிளஸ்"ஸுக்குக் கீழ போகாம இருக்கிறது நல்லது.

வேகமும் பாத்துக்கணும். நிமிஷத்துக்கு 33⅓ சுத்துல ஓடுற நீண்ட நேரத் தட்டு 1948லயும், 45 சுத்துத் தட்டு 1949லயும் வந்தது. அதுக்கு முந்தின 78 சுத்துத் தட்டுங்க பெரும்பாலும் அரக்கு. கை நழுவினா ஓடு மாதிரி உடையும். அதோட பள்ளம் அகலம், அதுக்கு ஏறக்குறைய 76 மைக்ரான் ஊசி வேணும். நீண்ட நேரத் தட்டோட ஊசி 18லேர்ந்து 25 மைக்ரான்தான். அந்தச் சின்ன ஊசியை 78 மேல வெச்சா பள்ளத்தோட அடியில போய் அழுக்கைக் கிளறும், வெறும் இரைச்சல்தான் கேக்கும். முக்கியமா, அரக்குத் தட்டை ஆல்கஹால் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு அதுல கரையும். வினைலுக்குச் சொன்ன திரவத்தையெல்லாம் இதுக்கும் போட்டுப் பாழாக்குறாங்க.

செல்லாக்காசு

முதல் சுத்து எதுவுமே வாங்காம முழு அரங்கையும் பாத்துட்டு வரணும்ங்கிறது என் கட்சி. எந்த மேசையில எது இருக்குன்னு மேசை எண்ணோட ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க, படம் எடுக்க அனுமதி கேட்டுட்டு. ஒரே பொருள் நாலு மேசையில இருந்தா விலை வித்தியாசம் அப்பத்தான் புரியும்.

ரெண்டு பேர் ஒண்ணையே விரும்பினா: போறதுக்கு முன்னாடியே தேடுற பட்டியலைப் பகிர்ந்துக்குங்க. இதழ் எண், எந்த நிலையில வேணும், அதிகபட்சம் எவ்வளவு தருவீங்க, இந்த மூணும் இருக்கணும். பட்டியல்ல யார் எழுதியிருக்காங்களோ அவருக்கு. ரெண்டு பேரும் எழுதியிருந்தா வீட்டுலயே சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு பண்ணுங்க. யாருமே எழுதாத பொருள்னா முதல்ல பாத்தவருக்கு. மேசை முன்னாடி நின்னு ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விலை ஏத்தினா லாபம் விற்கிறவருக்கு மட்டும்தான்.

பாதிப் பாதி காசு போட்டு ஒரே பொருளைக் கூட்டா வாங்காதீங்க. யார் வீட்டுல இருக்கும், எப்ப விக்கலாம், கீறல் விழுந்தா யார் பொறுப்புன்னு பேச்சு நீளும். ஒருத்தர் வாங்கட்டும், என்னைக்காவது விக்கிறதுனா மத்தவரைத்தான் முதல்ல கேக்கணும்னு ஒரு வாக்கு போதும்.

மேசைக்குப்பின்னால்

செல்லாக்காசு சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். நாலு மேசையில் இருக்கிற பொருளுக்கு முதல் சுற்று சும்மா பார்ப்பது சரி. ஒன்றே ஒன்று இருக்கிறது, நிலையும் நன்றாக இருக்கிறது, உங்கள் பட்டியலிலும் இருக்கிறது என்றால் சுற்றிவிட்டு வருவதற்குள் போய்விடும். கதவு திறந்த முதல் மணி நேரத்தில் மற்ற விற்பனையாளர்களே வந்து நல்லதை எடுத்துவிடுவார்கள். வெளியில் தெரியாத விஷயம் இது.

கடைசி நாள் சாயங்காலம் விலை இறங்கும், உண்மைதான். ஆனால் எது இறங்கும்? திருப்பித் தூக்கிக்கொண்டு போக வலிக்கிற பொருள். பெட்டி பெட்டியாக இசைத்தட்டு, பத்திரிகைக் கட்டு, ரேடியோ, தட்டச்சுப்பொறி. நாணயம், அஞ்சல்தலை போன்றவை ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும், அதற்கு விற்பவர் ஏன் இறங்கி வரப்போகிறார்?

நாலுபேர்கூட்டம்

நன்றி. பெட்டியோட மொத்தமா எடுத்துப் பிரிச்சுக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. ஒரு பெட்டி காமிக்ஸ், அதுல ரெண்டு மூணு இதழ் எல்லாருக்குமே வேணும்னா எப்படிப் பிரிக்கிறது?

செல்லாக்காசு

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பிரிக்கிற முறையைப் பேசிடுங்க, அப்புறம் பேசினா மனஸ்தாபம். மாத்தி மாத்தி எடுக்கிறதுதான் நல்ல வழி. மூணு பேர்னா முதல் சுத்து அ, ஆ, இ. ரெண்டாவது சுத்து இ, ஆ, அ. மூணாவது மறுபடி அ, ஆ, இ. முதல்ல எடுத்தவருக்குக் கிடைச்ச அனுகூலம் அடுத்த சுத்துல கடைசியா எடுக்கிறதுல சமமாயிடும். எப்பவும் அ, ஆ, இன்னே போனா இ-க்கு ஒவ்வொரு சுத்துலயும் மிச்சம்தான்.

ஒரே ஒரு இதழுக்காகத்தான் பெட்டியையே எடுக்கறீங்கன்னா இந்த முறை ஒத்துவராது. அந்த இதழைத் தனியா எடுத்து வெச்சு, மொத்த விலையில அதோட பங்கு எவ்வளவுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அது வேணும்ங்கிறவர் அந்தப் பங்கை முழுசா ஏத்துக்கணும். மிச்ச விலையை மிச்ச இதழ் எண்ணிக்கையால வகுத்துக்குங்க. யாருக்கும் வேண்டாத குப்பை கொஞ்சம் மிஞ்சும், அதை யார் சுமக்கிறதுங்கிறதையும் பேசிடுங்க. சிரிக்காதீங்க, சண்டை வர்றதே அங்கதான். கணக்கை அன்னைக்கு ராத்திரியே தீத்துடுங்க.

ரெண்டாம்பதிப்பு

காகிதப் பொருள்களுக்கு என் பங்கு.

காமிக்ஸ் இதழில் முதல் வேலை நடுப்பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது. நடுத்தாள் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்று காணாமல் போவது சாதாரணம். அடுத்தது, கூப்பன் வெட்டியிருக்கிறதா. பின்பக்க விளம்பரத்தில் வெட்டியிருந்தால் அதன் மறுபக்கத்தில் இருக்கும் கதைக் கட்டமும் சேர்ந்து போயிருக்கும். பக்கங்களை எண்ணுங்கள், உறையில் போட்டிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பின் துருப்பிடித்திருந்தால் அந்தத் துரு தாளுக்குள் இறங்கும், அதை எடுக்கவே முடியாது. விளிம்பு மூன்றும் சந்தேகத்துக்கு இடமாக நேராக, கூர்மையாக இருந்தால், தேய்ந்த விளிம்பை வெட்டிச் சரிசெய்திருக்கலாம். அதே வரிசையைச் சேர்ந்த வேறு இதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள், மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரியும். உறையின் மடிப்பில் தேய்ந்த இடங்களைப் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். உறையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், மை ஊறி வந்திருக்கும்.

பழைய விளம்பரத் தாள், சுவரொட்டி, லேபிள் எல்லாவற்றுக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று போதும். படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்து ஒரே மையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தால் எழுத்தும் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். படத்தில் புள்ளி இருப்பது தவறல்ல, அந்தக் காலத்திலும் படங்களைப் புள்ளியில்தான் அச்சடித்தார்கள். கறுப்பு எழுத்து புள்ளியாக உடைந்திருப்பதுதான் சிக்கல்.

சின்னப் புற ஊதா டார்ச் இருந்தால் இன்னொரு சோதனை. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாகின. 1920ஆம் ஆண்டு சுவரொட்டி என்று சொல்லி விற்கும் தாள் புற ஊதா ஒளியில் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துத் தாள் அல்ல. ஒளிரவில்லை என்பதற்காக அசல் என்று ஆகிவிடாது, இதை மறக்க வேண்டாம். ஒளிர்பொருள் சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது.

கையுறை வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். தாளுக்கு வேண்டாம். பருத்திக் கையுறையில் விரலுக்கு உணர்வு போய் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள். கழுவி நன்றாகக் காய்ந்த கை போதும். புகைப்படம், நெகட்டிவ் என்றால் மட்டும் கையுறை.

பழுதுபாக்கி

கேமராவுக்கு வருவோம். தொடக்கத்துலயே ஒரு எச்சரிக்கை: ஸோர்க்கி, ஃபெட் மாதிரி பழைய சோவியத் கேமராவைக் கையில எடுத்தா, ஷட்டரை முறுக்காம வேகச் சக்கரத்தைத் திருப்பாதீங்க. சில மாடல்ல உள்ள இருக்கிற பின் உடைஞ்சிடும், வாங்காமலேயே காசு கொடுக்க வேண்டிவரும். முறுக்கின பிறகு வேகத்தை மாத்துங்க.

ஃபிலிம் இல்லைன்னு கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டுப் பின்கதவைத் திறங்க. கதவு ஓரத்துல ஒளி நுழையாம இருக்க ஒட்டின நுரை, கறுப்புப் பசையா கையில ஒட்டினா பயப்பட வேண்டாம். மாத்திடலாம், விலையைக் குறைக்கச் சொல்ல அது ஒரு சாக்கு. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரா வெச்சு பின்னாடியிருந்து பாத்துக்கிட்டே ஷட்டரை ஒரு வினாடி வேகத்துல விடுங்க. ஒரு வினாடி ரெண்டு வினாடியா இழுத்தா, இல்ல பாதியில நின்னா, கிரீஸ் இறுகியிருக்கு. பழைய இயந்திர ஷட்டர்ல மெதுவான வேகம்தான் முதல்ல கெடும். 1/125 வினாடி வேகம் நல்லாக் கேக்குதேன்னு ஏமாந்துடாதீங்க.

அப்புறம் லென்ஸ். டார்ச்சை ஒரு பக்கத்துல இருந்து அடிச்சு மறுபக்கத்துல இருந்து பாருங்க. தூசி ரெண்டு மூணு இருந்தா படத்துல தெரியாது, விடுங்க. கிளைவிட்ட மெல்லிய நூல் தெரிஞ்சா பூஞ்சை. லென்ஸ் முழுக்க பால் கலந்த மங்கல் இருந்தா படம் வெளிறிப் போகும். விளிம்புல வானவில் நிறத்துல வளையம் தெரிஞ்சா, ரெண்டு கண்ணாடியை ஒட்டின பசை விட்டுப்போச்சு. பூஞ்சையைச் சில சமயம் துடைக்கலாம், பசை விட்டதை வீட்டுல சரி பண்ண முடியாது. லென்ஸுக்குள்ள ஒளி போற துளையைச் சின்னதாக்குற தகடுங்க மேல எண்ணெய் மினுங்கினா, அதுங்க மூடுறது தாமதமாகும்.

ஒளிமானி இருக்கிற கேமராவுல பேட்டரி எதுன்னு கேளுங்க. நிறைய கேமரா 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செஞ்சது, அந்தப் பேட்டரி இப்ப தயாரிக்கிறதில்ல. அதே அளவுல 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா கருவி ஓடும், அளவு தப்பாக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடுற ஜிங்க்-ஏர் பேட்டரி வோல்டேஜ்ல கிட்டக்க வரும். முன்னாடி தேன்கூடு மாதிரி கண்ணாடி இருக்கிற செலீனியம் கருவிக்குப் பேட்டரியே வேண்டாம். வெளிச்சத்துக்குத் திருப்பினா முள் நகரணும், கையால மறைச்சா விழணும். நகரலைன்னா செல் பெரும்பாலும் செத்துப்போச்சு.

கார்ட்ரிட்ஜ். நின்டெண்டோவோட கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்ல லேபிள் மேல ரெண்டு இலக்க எண் மையில்லாம அழுத்தி அச்சாகியிருக்கும். சாய்ச்சுப் பாத்தா தெரியும். போலிகள்ல பெரும்பாலும் அது இருக்காது. கீழ்ப்பக்கத் திறப்பு வழியா உள்ள இருக்கிற சர்க்யூட் பலகையோட ஓரத்துல நிறுவனப் பெயர் தெரியணும். பழைய நின்டெண்டோ கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி வகைத் திருப்புளி வேணும், சாதாரணத் திருப்புளியால பின்னாடி நெம்பின வடு இருந்தா யாரோ உள்ள கை வெச்சிருக்காங்க. விளையாட்டைச் சேமிக்கிற கார்ட்ரிட்ஜுங்க பலதுக்கு உள்ள ஒரு நாணய பேட்டரி இருக்கும். வருஷக்கணக்கானா அது தீந்துபோகும். விளையாட்டு ஓடும், சேமிப்பு மட்டும் நிக்காது. அது குறை இல்ல, மாத்தக்கூடியது. மாத்தறப்ப பழைய சேமிப்பு அழிஞ்சுடும்ங்கிறது வேற விஷயம்.

மேசைக்குப்பின்னால்

பழுதுபாக்கி சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் அனுமதி கேளுங்கள். கார்ட்ரிட்ஜைத் திறக்க எந்த விற்பவரும் விடமாட்டார், நானும் விடமாட்டேன். ஓட்டிக் காட்டச் சொல்லலாம், பலர் அதற்கென்றே ஒரு திரை வைத்திருப்பார்கள்.

போனில் ஏதோ ஒரு தளத்தில் இருக்கும் விலையைக் காட்டிப் பேரம் பேசுவதையும் விட்டுவிடுங்கள். யாரோ கேட்கும் விலை அது, விற்ற விலை அல்ல. விற்று முடிந்தவற்றின் விலையைப் பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கே தெளிவு இருக்கும், போனை நீட்ட வேண்டியதில்லை. ஒன்றுக்கு விலை குறைக்கச் சொல்வதைவிட மூன்றைச் சேர்த்து வைத்து "எல்லாம் சேத்து என்ன தருவீங்க" என்று கேளுங்கள். நான்கு பேர் கூட்டத்துக்கு இதுதான் பலம். ஒரே விற்பவரிடம் நாலு பேரும் எடுத்ததை ஒருவர் மட்டும் கொண்டுபோய் விலை பேசட்டும். சில்லறை நோட்டாக வைத்திருங்கள், பெரிய நோட்டை நீட்டிவிட்டுக் குறைத்துக் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

சாவிபொம்மை

நாலாமவரைப் பத்தி யாருமே பேசலையே. அவரைப் பைதூக்கியா ஆக்கிடாதீங்க. அவர்கிட்ட ஒரு சின்ன வேட்டை கொடுங்க. எல்லாரும் சின்ன வயசுல பாத்த ஏதாவது ஒரு பொருள், சின்னதா, அரிதில்லாததா. மேசைக்கு அடியில இருக்கிற அட்டைப்பெட்டிகளைத் துழாவுறது அவர் வேலை. அதுல பொறுமைதான் வேணும், அறிவு வேண்டாம்.

பொம்மை எடுத்தா இந்த ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கட்டும்: உடம்புல பொறிச்ச ஆண்டு, செஞ்ச ஆண்டு இல்ல. பார்பி 1959ல வந்தது. இடுப்புல 1966னு இருக்கிற பார்பி, அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் அதே முத்திரையோட வந்துக்கிட்டே இருந்தது. ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் அடியில இருக்கிற ஆண்டும் அச்சு உருவாக்கின ஆண்டுதான். 1968ல தொடங்கி 1977 வரைக்கும் வந்ததுல சக்கரத்தைச் சுத்திச் சிவப்புக் கோடு இருக்கும். சக்கரம் மாத்தியிருக்காங்களா, மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்களான்னு தெரிஞ்சுக்க அடியில இருக்கிற ரிவெட்டைப் பாருங்க. ட்ரில் போட்டுத் திறந்திருந்தா ரிவெட்டோட தலை காணாமப் போயிருக்கும், இல்லைன்னா அதுக்குப் பதிலா ஸ்க்ரூவோ பசையோ இருக்கும்.

பழைய வார்ப்பு உலோகப் பொம்மையில மேற்பரப்பு சிலந்தி வலை மாதிரி வெடிச்சு, உடம்பே கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தா தொடாம வெச்சுடுங்க. துத்தநாகக் கலவையில ஈயம் கலந்துபோனதால உள்ளேயிருந்து அரிக்குது, அதை நிறுத்த முடியாது. பேட்டரிப் பொம்மையில மூடியைத் திறந்து பாக்காம வாங்கவே வேண்டாம். வெள்ளைப் பொருக்கு இருந்தா அல்கலைன் கசிவு, கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைச்சாப் போயிடும். கம்பி பச்சையாகி உள்ள வரைக்கும் போயிருந்தா போகாது. பார்பி காதுல பச்சைக் கறையும் அப்படித்தான், கம்மல்ல இருக்கிற செம்பு வினைலுக்குள்ள ஊறினது.

செல்லாக்காசு

காசு, அஞ்சல்தலை பத்திக் கேக்கலைன்னாலும் வழியில மாட்டும், சுருக்கமா.

காசை விளிம்புல பிடிங்க. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு கொண்டுபோங்க. 1780னு போட்ட மரியா தெரசா வெள்ளிக் காசு எல்லா மேசையிலயும் இருக்கும், அந்த ஆண்டை நம்பி விலை கொடுக்காதீங்க. அதே ஆண்டு போட்டு இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் பல நாட்டு அச்சகங்கள்ல அடிச்சாங்க. எடை 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல வரணும். வெள்ளியில காந்தம் ஒட்டாது. வலுவான காந்தத்தைச் சாய்ச்சு வெச்ச காசு மேல விட்டா மெதுவா வழுக்கும். செம்பு மேலயும் மெதுவாத்தான் வழுக்கும், அதனால எடையையும் சேத்துப் பாக்கணும். கண்ணைப் பறிக்கிற பளபளப்பும், ஒரே திசையில மெல்லிசுக் கீறலும் இருந்தா தேய்ச்சுக் கழுவின காசு, சேகரிப்பாளர்கிட்ட மதிப்பு போயிடும். நீங்களும் வீட்டுக்குப் போய்க் கழுவாதீங்க.

அஞ்சல்தலையில ஒரே ஒரு விஷயம். 1840ல வந்த பென்னி பிளாக்கைக் கத்தரிச்சுத்தான் பிரிச்சாங்க, ஓரத்துல ஓட்டை வரிசை கிடையாது. ஓட்டை வரிசையோட யாராவது நீட்டினா சிரிச்சுட்டு நகருங்க.

நாலுபேர்கூட்டம்

ரெண்டே கேள்வி மிச்சம். வாங்கினதைச் சேதமில்லாம எப்படி வீடு சேக்கிறது? கையெழுத்து மேசை இருந்தா நிக்கலாமா?

ரெண்டாம்பதிப்பு

கையெழுத்துக்கு: அச்சடித்த கையெழுத்தை லூப்பில் பார்த்தால் புள்ளி தெரியும். பேனாக் கையெழுத்தில் மை தாளின் மேல் படிந்து, கோடு கோட்டைத் தாண்டும் இடத்தில் அடர்த்தியாக இருக்கும். ஒரே பிரபலத்தின் இரண்டு கையெழுத்து மயிரிழையும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் இயந்திரம் போட்டது. நேரில் வாங்குவதாக இருந்தால் படத்தைச் சட்டத்திலிருந்தும் உறையிலிருந்தும் முன்பே எடுத்துவிடுங்கள், மை காய நேரம் கொடுத்த பிறகே உறையில் போடுங்கள். உங்கள் பெயர் போட்டு எழுதி வாங்கினால் பின்னால் விற்க வாங்குபவர் குறைவு. உங்களுக்காகவே வாங்குவதென்றால் பெயர் போட்டே வாங்குங்கள். வரிசையில் ஒருவர் நிற்க, மற்றவர்கள் சுற்றலாம். ஆனால் கடைசியில் மூன்று பேர் வந்து இடையில் புகுந்தால் பின்னால் நிற்பவர் சும்மா இருக்கமாட்டார்.

கொண்டுபோக: இசைத்தட்டை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து மேலே எதையும் அடுக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடவே கூடாது, வினைல் வளைந்துவிடும். காமிக்ஸுக்கும் தாளுக்கும் பாலிபுரோப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லா அட்டை. மெத்தென்ற, வாசனையுள்ள பி.வி.சி. உறை எதற்கும் வேண்டாம். காசில் பச்சைப் பிசுக்கு விடும், இசைத்தட்டில் மங்கல் படியும். தாளைச் சுருட்டினால் குழாயின் உள்சுற்றளவு பெரிதாக இருக்கட்டும், ரப்பர் பேண்ட் போடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றோடு உடனே சேர்க்கவும் வேண்டாம். பழைய தாளில் வெள்ளிப்பூச்சியும் தாள்பேனும் வரும். காற்றுப்புகாத பையில் மூடிச் சில வாரம் தனியாக வைத்து, பையின் அடியில் துகளோ பூச்சியோ விழுகிறதா பாருங்கள். பூஞ்சை வாசனை இருந்தால் வாங்கவே வேண்டாம், எத்தனை நாள் காற்றாட வைத்தாலும் போவதில்லை.

பழுதுபாக்கி

ஃபிலிம் சுருளும் அந்த மேசைகள்ல கிடைக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தா ஃபிலிம் செஞ்ச அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிடுச்சு. பக்கத்துல இருக்கிற நல்ல சுருளையும் அது கெடுக்கும், அதனால தனியா வைங்க. 1950களோட தொடக்கத்துக்கு முந்தின 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருள்னா நைட்ரேட் வகை ஃபிலிமா இருக்கலாம். அது சட்டுனு தீப்பிடிக்கும், தண்ணியில முக்கினாலும் அணையாது. ஓரத்துல "சேஃப்டி"ன்னு எழுத்து இல்லைன்னா எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க.

ஊசிமுனை

கேசட் எடுத்தீங்கன்னா நடுவுல இருக்கிற சின்ன ஸ்பான்ஞ்சு, நாடாவைக் கருவியோட ஒலி படிக்கிற தலைமேல அழுத்துறது, இருக்கான்னு பாருங்க. பசை விட்டு உள்ள விழுந்திருக்கும், அப்படியே போட்டா ஒலி மங்கும். அஞ்சு ஸ்க்ரூ போட்ட கூடுன்னா திறந்து வேற கேசட்ல இருந்து ஸ்பான்ஞ்சு மாத்தலாம். ஒட்டி மூடின கூடுன்னா உடைச்சுத்தான் எடுக்கணும், அப்புறம் நாடாவை ஸ்க்ரூ கூடு ஒண்ணுக்கு மாத்திப் போடணும். நாடா ஓரத்துல வெள்ளைப் பொடி தெரிஞ்சா பூஞ்சை, அதை உங்க டெக்ல போட்டீங்கன்னா அடுத்துப் போடுற கேசட்டுக்கும் ஒட்டிக்கும்.